இரண்டாயிரத்து மூன்று கண்ணிகள்

ஆஸ்பத்திரித் துணி வெளுக்கும் ஆலையில் அவளுக்குச் ‘சங்கிலியம்மா’ என்று பெயர். கூரையை ஒட்டி ஓடி, ஈரத்துணி மூட்டைகளைச் சுமக்கும் நீளச் சங்கிலியைப் பதினாறு வருடமாக அவள்தான் பராமரிக்கிறாள். கண்ணில் பட்டதையெல்லாம் எண்ணுவாள். படிக்கட்டு, ஜன்னல் கம்பி எதையும் விடமாட்டாள்.

“அக்கா, உன் வீட்டுக்காரர் தலைமுடியை எண்ணிட்டியா?” என்று மடிப்பு மேசைப் பெண்கள் வாருவார்கள்.

“அதுக்கு ஒரு கை விரலே போதும்டி.”

ஆனால் ஒரு கணக்கில் மட்டும் அவள் விளையாடியதில்லை. சங்கிலியில் 2003 கண்ணிகள். அதை இழுக்கும் சக்கரத்தில் 61 பற்கள். ஒரு கண்ணியில் விரிசல். அதற்குச் சிவப்பு பூசியிருந்தாள். ஒரு பல் மூளி, அதற்கு மஞ்சள். மாற்று கேட்டு எழுதிப்போட்டு எட்டு மாதமாகியும் வந்தபாடில்லை. சிவப்பு மஞ்சளில் விழுந்தால் சங்கிலி வெட்டி இழுக்கும். அறுந்தால் மூட்டைகள் கீழே. நல்லவேளை, 2003 பிடிவாதக்கார எண். எதைக் கொண்டு வகுத்தாலும் மிச்சம் வைக்கும். 61ம் அதே ஜாதி. அதனால் 1,22,183 பற்கள் கடந்தால்தான் சிவப்பும் மஞ்சளும் ஒருமுறை சந்திக்கும். அதாவது நாளுக்கு ஒரு தடவை. அந்த நேரம் மோட்டாரை நிறுத்தி, சக்கரத்தைக் கையாலேயே மெல்ல உருட்டிவிடுவாள். சக்கரத்துக்கு நேர் கீழே நின்று துணி மடிப்பவள் அவள் தங்கை.

காய்ச்சலில் மூன்று நாள் படுத்துவிட்டு வந்தவள், சங்கிலி தொய்வில்லாமல் ஓடுவதைப் பார்த்தாள். நின்ற இடத்திலேயே கண்ணிகளை எண்ணத் தொடங்கினாள்.

“தொங்கிக்கிட்டுக் கிடந்துச்சு. வெளியாளைக் கூட்டிவந்து அம்பத்தோரு கண்ணியைக் கழட்டிட்டேன்,” என்றார் மேற்பார்வையாளர். “நீ இல்லன்னா ஆலை நின்னுடுமா?”

“சிவப்பைக் கழட்டினீங்களா சார்?”

“கைக்கு எட்டின பக்கம் கழட்டினோம். சிவப்பென்ன, பச்சையென்ன?”

2003இல் 51 போனால் 1952. சுவரில் சாக்பீஸால் 61ஆல் வகுத்தாள். 61 முப்பத்திரண்டு முறை போனது. மீதி பூஜ்யம். இனி ஒவ்வொரு கண்ணியும் என்றைக்கும் ஒரே பல்லில்தான் விழும். சிவப்பு எந்தப் பல்லில்?

ஏணியில் ஏறிப் பார்த்தாள். மூளிப் பல்லில் மஞ்சளே தெரியவில்லை. அவ்வளவு சிவப்பு அப்பியிருந்தது. மூன்று நாளாக, பத்து நிமிடத்துக்கு ஒருமுறை.

இறங்கி ஓடி, தங்கையின் மேசைக்கு மேல் தொங்கிய நிறுத்துக் கயிற்றை இழுத்தாள்.

“மத்தியானத்துக்குள்ள துணி போயாகணும்!” மேற்பார்வையாளர் கத்தினார். “மூணு நாளா ஓடலையா?”

“மூணு நாள் தாங்கினதுதான் சார் பயமா இருக்கு.”

அவர் பொத்தானை அமுக்கினார். சங்கிலி மறுபடி நகர்ந்தது. அவள் தங்கையின் மணிக்கட்டைப் பிடித்துத் தூணுக்குப் பின்னால் இழுத்தாள்.

“விடுக்கா, எல்லாரும் பாக்கறாங்க!”

“பாக்கட்டும். பேசாம நில்லுடி.”

மற்ற பெண்களும் மடிப்பதை நிறுத்தினார்கள். அது மேற்பார்வையாளருக்குப் பொறுக்கவில்லை. தங்கை விட்டுப்போன மேசைக்குப் போய் நின்றார்.

“இந்தா, நானே மடிக்கிறேன். எது என் தலையில விழுதுன்னு பாப்போம்.”

போர்வையைக் கோணலாக மடித்தார். யாரோ ஒருத்தி களுக்கென்று சிரித்தாள்.

கூரையின் கோடியில் சிவப்பு திரும்பியது. அவள் சக்கரத்தின் சுற்றுகளை எண்ணிக்கொண்டே இருந்தாள்; முப்பத்திரண்டில் சிவப்பு மஞ்சளில் விழும். இருபத்தொன்பது.

“சார், தள்ளிப் போங்க!”

முப்பது. மேலிருந்து ஒரு சொட்டு அவர் கழுத்தில் விழுந்தது. துடைத்துக்கொண்டு அடுத்த போர்வையை எடுத்தார்.

முப்பத்தொன்று.

நிறுத்துக் கயிறு அவர் தலைக்கு மேலேதான் ஆடிக்கொண்டிருந்தது. அவள் தங்கையின் கையை விட்டுவிட்டு அதை நோக்கி ஓடினாள்.