இருபது தப்படியைத் தின்ற லென்ஸ்

நான் எந்த லென்ஸ் வாங்கி வந்தாலும் என் மனைவி அதை முதலில் தராசில்தான் வைப்பாள். அவள் மீன் விற்கிற எலக்ட்ரானிக் தராசு அது. ஞாயிற்றுக்கிழமை சென்னையில் பழைய சாமான் கடைகளைச் சுற்றிவிட்டு, பொன்னேரியில் ரயிலை விட்டு இறங்கி, பஸ் பிடித்து வீடு வருவேன். துணிப்பை தொங்குகிற தொங்கலே அவளுக்கு விஷயத்தைச் சொல்லிவிடும்.

"குடு இங்க" என்பாள். தட்டில் ஒட்டியிருக்கும் செதிலைத் துடைத்துவிட்டு லென்ஸை வைப்பாள்.

"ஒரு கிலோ எட்நூறு. இந்த எடைக்கி ஒரு கொடுவா வந்திருந்தா ஊடே துன்னுருக்கும். இத்த இன்னா பண்றது, கொழம்பு வெக்கிறதா?"

"வெயில்ல வெக்கணும். உள்ள பூசணம் கீது."

"பூசணம் புட்ச்சதயா ரயில் ஏறிப் போயி வாங்கினு வந்த?"

என்னிடம் இப்படி ஏழு லென்ஸ்கள் இருக்கின்றன. எல்லாம் பழைய காலத்து ஜூம் லென்ஸ்கள். இரும்பும் பித்தளையும் கண்ணாடியும் சேர்ந்தவை. எதுவும் தானாக வேலை செய்யாது. வளையத்தை முன்னும் பின்னும் தள்ளினால் ஜூம், திருகினால் ஃபோகஸ். செகண்ட் ஹேண்டில் வாங்கிய சின்ன கேமரா ஒன்றில், நடுவே ஒரு வளையம் போட்டு இவற்றை மாட்டுவேன். மாட்டிய பிறகு லென்ஸில் கேமரா தொங்குவதுபோல் இருக்கும். இரண்டு லென்ஸ்களுக்கு வயதாகிவிட்டது. கீழே பார்த்துப் பிடித்தால், இடுப்பில் நிற்காத லுங்கி மாதிரி வளையம் தானாகச் சரிந்து இறங்கிவிடும். ஒரு கையால் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

எங்களுடையது ஏரிக்கரை மீனவ ஊர். அந்த ஏரிக்காற்றில் கண்ணாடிக்குள் பூசணம் சிலந்தி வலை போலப் படரும். அதற்காக ஒரு பழைய தெர்மோகோல் ஐஸ் பெட்டியில் சின்ன குண்டு பல்பு ஒன்றை எரியவிட்டு, ஏழையும் அதில் வைத்திருக்கிறேன். ஈரம் போய்விட்டது, மீன் வாசனை போகவில்லை. பாரிமுனையில் ஒரு கடைக்காரர் என் லென்ஸைக் கண்ணருகே கொண்டுபோனவர், அப்படியே மூக்கைப் பொத்திக்கொண்டு திருப்பிக் கொடுத்தார்.

நான் படித்தது ஐந்தாவது வரை. லென்ஸில் இருக்கிற எண்களெல்லாம் அந்தக் கணக்குக்குள் அடங்கிவிடும். தூரம் காட்டுகிற வளையத்தின் கடைசியில் மட்டும் ஓர் எட்டு படுத்துக்கொண்டிருக்கும். அதற்குமேல் எல்லாமே தூரம்தான் என்று அர்த்தமாம். நான் பெரும்பாலும் அந்தப் படுத்த எட்டில்தான் இருப்பேன். கிட்டே போவது எனக்கு ஆகாது.

எதிரில் ஆள் வந்தால் நான் பார்ப்பது அவருடைய காலை. ஊரில் பாதிப்பேரைச் செருப்பை வைத்துத்தான் அடையாளம் சொல்வேன். ஆனால் கரையில் நின்று, துடுப்பை மணலில் ஊன்றி, அதன்மேல் லென்ஸைச் சாய்த்துப் பார்த்தால், ஏரியில் நிற்கிறவரின் முகம் கைக்கெட்டும் தூரத்துக்கு வந்துவிடும். அவருக்கும் தெரியாது, எனக்கும் கூச்சமில்லை. வெளியூர்க்காரர்கள் பூநாரையை எடுக்க வருகிறார்கள். நான் வலை உதறுகிறவர்களை எடுப்பேன். எதிர் வீட்டு அண்ணனுக்குச் சிரித்தால் இடது கன்னத்தில் குழி விழும் என்பதை இருபது வருடம் எதிர் வீட்டில் இருந்தும் நான் லென்ஸ் வழியாகத்தான் தெரிந்துகொண்டேன்.

"நேர்ல பாத்தா பேச மாட்டான். ஒரு மைல் தள்ளி நின்னுகினு மூக்குல கீற மயிர எண்ணுவான்" என்று ஊரில் சொல்வார்கள். அது பொய். ஒரு மைலில் அவ்வளவு தெரியாது.

என் மனைவியின் தம்பியை நான் ஒரு காலையில் எடுத்தேன். அவன் படகில் நின்றபடி வலையைத் தூக்கிப் பாசியை உதறிக்கொண்டு திரும்பி வந்துகொண்டிருந்தான். வெயில் வலையில் பட்டு மின்னியது. அவனுக்குப் பின்னால், தூரத்தில், சிவப்புத் துணி கட்டிய கழிகள். இன்னும் பின்னால், அக்கரையில், பசியாவரம் பக்கத்து மரங்கள். இரண்டு கிலோ லென்ஸ் அது. கை நடுங்காமல் எடுக்க ஆறு தடவை முயன்றேன். ஆறாவது படம் நன்றாக விழுந்தது.

மனைவி கேமராவின் திரையில் அதைப் பார்த்தாள். "ஐய, என் தம்பி சினிமா ஹீரோ மாதிரி கீறான்!" என்றாள். ஏழு லென்ஸ் வாங்கிய பிறகு அவள் பாராட்டிய முதல் படம். உடனே தன் செல்போனால் அந்தத் திரையைப் படம் பிடித்து ஸ்டேட்டஸில் வைத்தாள். நான் மிதந்துகொண்டிருந்தேன். அன்று சாயங்காலத்துக்குள் அந்தப் படம் எதிர் வீட்டு அண்ணனின் செல்போனுக்கும் போய்விட்டது.

அந்தச் சிவப்புத் துணிக் கழிகள் அவருடைய ‘பாடு’ எது என்று காட்டுபவை. ஏரியில் இறால் நன்றாக விழுகிற இடங்களைப் பாடு பாடாகப் பிரித்து, சீட்டுப் போட்டு, யார் எந்த நாளில் எந்தப் பாட்டில் வலை கட்டலாம் என்று ஊர் முறை வைத்திருக்கிறது. ஒருவர் முறையில் இன்னொருவர் அங்கே வலை இறக்கினால், அவர் பெயர் அடுத்த சீட்டில் இருக்காது. ஒரு வருடம் கரையில்தான் உட்கார வேண்டும். அன்று எதிர் வீட்டு அண்ணனின் முறை. என் படத்திலோ என் மச்சான் கையில் வலையோடு நிற்கிறான், அவன் காதுக்குப் பக்கத்திலேயே சிவப்புத் துணி பறக்கிறது.

மச்சான் என்னிடம் ஓடி வந்தான். "இன்னா மாமா இப்டி பண்ட்ட? நான் அந்தப் பக்கமே போவல. பேரை எட்த்துட்டா நான் திரும்பக் காட்டுப்பள்ளிக்கித் தான் கூலிக்கிப் போவணும்." அவன் ஒரு முறை அந்தத் துறைமுக வேலைக்குப் போய், நாலு மாதத்தில் திரும்பி வந்தவன். பூட்ஸ் போட்டால் அவனுக்கு மூச்சு முட்டுமாம்.

என் மனைவி காலியான தராசைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். எனக்கு அதுதான் பயமாக இருந்தது.

மறுநாள் காலை, மீன் ஏலம் முடிந்ததும், அதே கொட்டகையில் ஊர் கூடியது. இதில் ஒரு சிக்கல் இருந்தது. எதிர் வீட்டு அண்ணனும் ஊர்த் தலைவரும் சம்பந்திகள். மூன்று வருடத்துக்கு முன் நடந்த கல்யாணத்தில் இரண்டாம் பந்திக்குப் பாயசம் தீர்ந்துபோனதால், அன்று முதல் இருவரும் நேருக்கு நேர் பேசுவதில்லை. எனவே அண்ணன் தன் புகாரைக் கொட்டகைத் தூணிடம் சொன்னார்.

"ஊர்ல ஞாயம்னு ஒண்ணு இருந்தா கேளுங்க. படம் கீது. இதுக்கு மேல இன்னா வோணும்?"

தலைவர் எதிரில் இருந்த ஐஸ் பெட்டியைப் பார்த்துப் பதில் சொன்னார். "படத்த எல்லாரும் பாத்தாச்சி. வெசாரிக்காம வுட மாட்டோம்னு சொல்லுங்க."

தலைவரின் கஷ்டம் எனக்குப் புரிந்தது. புகாரைத் தள்ளிவிட்டால், பாயசத்துக்காகத் தள்ளிவிட்டார் என்பார்கள். அதனாலேயே அவர் என் மச்சான் பெயரை எடுத்துவிடுவார் என்று தோன்றியது.

"நான் வலைய ஒதறிக்கினு ஊட்டுக்கு வந்துக்கினு இருந்தேன் தலைவரே" என்றான் மச்சான்.

"அப்போ என் கழி ஒன் தோள்ல எப்டிறா மொளச்சிது?" என்றார் அண்ணன். "எட்த்தவரு இங்க தான் குந்திகினு கீறாரு. அவரே சொல்லட்டும்."

எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். நான் செருப்புகளைப் பார்த்தேன். அவ்வளவு செருப்புகளை ஒரே நேரத்தில் என்னை நோக்கி நான் பார்த்ததில்லை. எழுந்து நின்றேன்.

"லென்ஸு… இழுக்கும்" என்றேன்.

"இன்னாத்த இழுக்கும்?" என்றார் தலைவர்.

"தூரத்த. பின்னாடி கீறத இழுத்தாந்து முன்னாடி ஒட்டிடும்."

கொட்டகை முழுக்கச் சிரிப்பு. "மச்சான காப்பாத்த லென்ஸு மேல பழி போட்றான் பாரு!" என்றார் ஒருவர். "அதுவே ரெண்டு கிலோ கீது, அது எங்க தூரத்த இழுக்கப் போவுது?" என்றார் இன்னொருவர். மண்டைக்குள் எல்லாம் தெளிவாக இருந்தது. ஆள் முந்நூறு தப்படியில் இருந்தால், கழி ஐந்நூறு தப்படியில் இருந்தால், லென்ஸ் நடுவில் இருக்கிற தண்ணீரையெல்லாம் மடித்து வைத்துவிடும். படத்தில் அந்த மடிப்புத் தெரியாது. இதை வாயால் எப்படிச் சொல்வது?

பெண்கள் நின்ற பக்கத்திலிருந்து என் மனைவியின் குரல் வந்தது. "யோவ்! வாயில வராதுனா கையால காட்டுயா! போய் அந்த அம்மிக் கொழவிய எட்த்தா!"

ஓடிப்போய் அந்த இரண்டு கிலோ லென்ஸையே கேமராவோடு எடுத்து வந்தேன். கரையில் இரண்டு பேர் முன்னும் பின்னுமாக நிற்க வேண்டும் என்று மனைவியிடம் சொன்னேன். அவள் ஊருக்குச் சொன்னாள்.

"நானே நிக்கிறேன்" என்றார் எதிர் வீட்டு அண்ணன். "வேற எவனாச்சும் நின்னா டபாய்ச்சிடுவாங்க."

"அப்போ பின்னாடி நான் நிக்கிறேன்னு சொல்லுங்க" என்றார் தலைவர். "நாளைக்கி யாரும் ஒரு பேச்சு பேசக் கூடாது."

அண்ணனிடமிருந்து இருபது தப்படி பின்னால் தலைவரை நிறுத்த வேண்டும். ஏலம் விடுகிறவர்தான் எண்ணினார். பழக்கம் போகவில்லை; ஒவ்வொரு தப்படியையும் ஏலக் குரலிலேயே இழுத்து எண்ணி, இருபதில் "மூணு தரம்!" என்று முடித்தார். நான் மறுபக்கமாக நூற்றைம்பது தப்படி நடந்தேன். ஊர் பாதி என்னோடு வந்தது. துடுப்பை ஊன்றி, லென்ஸைச் சாய்த்து, வளையத்தைக் கடைசிவரை இழுத்தேன்.

அண்ணன் விறைப்பாக நின்றார். தலைவர் சற்றே ஒதுங்கி அவருக்குப் பின்னால் தெரிந்தார். நான் திருகிக்கொண்டிருக்கும்போது தலைவரின் காலருகே ஒரு நாய் வந்தது. "ச்சூ" என்று அவர் கையைப் பக்கவாட்டில் நீட்டினார். நான் பட்டனை அழுத்தினேன்.

வெயிலுக்கு மறைவாகத் துண்டைப் போர்த்திக்கொண்டு ஏலக்காரர்தான் முதலில் திரையைப் பார்த்தார். துண்டுக்குள்ளிருந்து சத்தம் வந்தது.

"அட! ராசி ஆயிட்டாங்கப்பா!"

படத்தில் சம்பந்திகள் இருவரும் தோளோடு தோள் உரசி நின்றார்கள். நாயை விரட்டிய கை அண்ணனின் கழுத்தைச் சுற்றி வாஞ்சையாகக் கிடந்தது. நாய் அண்ணனின் வேட்டிக்குப் பின்னால் மறைந்துபோயிருந்தது. கேமரா கை மாறிக்கொண்டே போயிற்று. சிரிப்பும் கூடவே போயிற்று.

இருவரும் வேகமாக நடந்து வந்தார்கள். அண்ணன் கேமராவைப் பிடுங்கிப் பார்த்தார். முகம் சிவந்துவிட்டது.

"பொய்யி! இது மெய்யாலும் பொய்யி! அவுரு இருபது தப்படி பின்னாடி நின்னாரு! ஏலக்காரரே, நீதான எண்ணுன? எங்க கீது அந்த இருபது தப்படி?"

சொல்லிவிட்டு அவரே நிறுத்தினார்.

தலைவர் தூணையோ ஐஸ் பெட்டியையோ தேடவில்லை. மூன்று வருடத்தில் முதல் முறையாக நேராக அவரைப் பார்த்துக் கேட்டார். "அப்போ படம் பொய் சொல்லுதா, சம்பந்தி?"

அண்ணன் கேமராவை இன்னொரு தடவை பார்த்தார். பிறகு மச்சானைப் பார்த்தார். "…சொல்லுது" என்றார்.

"அப்போ இவன் பேரு சீட்டுல இருக்கட்டும்."

"இருக்கட்டும். ஆனா நான் ஒண்ணும் உங்க தோள்ல கை போடல."

"நான்தான போட்டேன்."

அண்ணனுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. இடது கன்னத்தில் குழி விழுந்தது. நான் இரண்டடி தூரத்தில், லென்ஸ் இல்லாமல், அதைப் பார்த்தேன். அவரும் நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டார். உடனே நான் அவர் செருப்புக்குப் போய்விட்டேன். "அதுக்குனு பாயசத்த மறந்துட்டேன்னு நெனச்சிக்காதீங்க" என்று அவர் தலைவரிடம் சொல்வது கேட்டது.

வீட்டுக்கு வந்ததும் மனைவி அந்த லென்ஸை வாங்கித் திரும்பவும் தராசில் வைத்தாள். "ரெண்டு கிலோ நாப்பது கிராம்" என்றாள். "நீ ஊருக்கு முன்னாடி நாலு வார்த்த பேசறதுக்கு இவ்ளோ எடை வேண்டியிருக்கு." பிறகு அவளே அதைத் துடைத்து ஐஸ் பெட்டியில் வைத்தாள். அப்படி அவள் செய்தது அதுதான் முதல் தடவை. சம்பந்திகள் படத்தை அன்றே ஸ்டேட்டஸில் போட்டுவிட்டாள்.

மச்சான் சாயங்காலம் ஒரு பை இறாலோடு வந்தான். "அன்னிக்கி மெய்யாலும் போவல மாமா" என்றான். அன்னிக்கி என்பதை அவன் கொஞ்சம் அழுத்திச் சொன்னதுபோல் இருந்தது. மற்ற நாட்களைப் பற்றி நான் கேட்கவில்லை. இறால் நன்றாக இருந்தது.

இப்போது எனக்கு ஒரு தொந்தரவு வந்திருக்கிறது. நான் கரையில் துடுப்பை ஊன்றினால் போதும், ஏரியில் இருக்கிறவர்கள் எல்லோரும் உடனே திரும்பி, தங்களுக்குப் பின்னால் யாருடைய கழி நிற்கிறது என்று பார்க்கிறார்கள். மச்சான் படகையே வளைத்துத் திருப்பி, பின்னால் வெறும் தண்ணீர் இருக்கிற மாதிரி நிறுத்திய பிறகுதான் வலையை உதறுகிறான். அதனால் இந்தச் சில மாதங்களாக நான் எடுத்த படங்களில் பெரும்பாலும் முதுகுகள்தான் இருக்கின்றன. நல்ல கூர்மையான முதுகுகள். போன ஞாயிறு எட்டாவது லென்ஸ் வாங்கி வந்தேன். தராசில் ஒரு கிலோ தொள்ளாயிரம்.