முதுகில் எழுதிய அன்பு

சர்க்கரைப் புண்ணுக்கு வீடு தேடிப் போய்க் கட்டுப் போடும் நர்சிடம் யாரும் உண்மை பேசுவதில்லை. "இனிப்பா? கண்ணால பாத்தே வருஷமாச்சுங்க" என்பார்கள்; மீசையில் கேசரி ஒட்டியிருக்கும். வீட்டில் ஒரு சர்க்கரைக்காரரை வைத்துக்கொண்டு அல்லாடுகிறவர்களே, நீங்களும் நானும் ஒரே கட்சி.

என் பெயர் ஆரோக்கியமேரி. எங்கள் பங்குக் கோயில் நடத்தும் மருத்துவப் பணியில் சேர்ந்து, பல வருஷமாகப் பாலக்கோட்டைச் சுற்றி ஸ்கூட்டி ஓட்டுகிறேன். எத்தனையோ கால்களைப் பார்த்தாயிற்று. அதில் மாதையனின் காலைப் பற்றி மட்டும் சொல்கிறேன். பெருமையடித்துக்கொள்ளத்தான் சொல்கிறேன், ஒளிப்பானேன்!

பெயர் மாறியது

மாதையன் மாரண்டஹள்ளிப் பக்கம் தக்காளி விவசாயி. வலது குதிகாலில் ஆறாத புண். "ரெண்டு மாசம் பார்ப்போம், ஆறலேன்னா முட்டிக்குக் கீழே எடுத்துடணும்" என்று தர்மபுரியில் டாக்டர் சொல்லிவிட்டார். அந்தக் காலைக் காப்பாற்றும் வேலை என் தலையில் விழுந்தது.

நாங்கள் போடும் பச்சைக் கோட்டின் முதுகில் 'பிறர் அன்புப் பணி' என்று அச்சடித்திருந்தார்கள். துவைத்துத் துவைத்து முன்சொல்லும் பின்சொல்லும் உரிந்துபோய், 'அன்பு' மட்டும் மிச்சம். அதுதான் என் பெயர் என்று மாதையனின் மனைவி சின்னபாப்பா முடிவு கட்டிவிட்டார். இரண்டாம் தடவை போய் வண்டிக்கு ஸ்டாண்டு போடத் திரும்பினேன். வாசலிலிருந்து ஒரு கத்தல்: "ஏங்க, அன்பு வந்துருச்சு! அந்த மைசூர்பாக்கை ஒளிச்சு வையுங்க!"

மாத்துறது

அடுத்த வாரம் சின்னபாப்பா என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "தப்பா நெனைக்காதீங்க. நீங்க எங்கள மாத்த வந்திருக்கீங்கன்னு பக்கத்து வூட்டுல சொல்றாங்க" என்றார். எனக்குச் சுருக்கென்றது.

"ஆமாங்க, மாத்தத்தான் வந்திருக்கேன். கட்டு மாத்த!" என்றேன். "நோயாளியைப் போய்ப் பாருன்னுதான் எங்க சாமி சொல்லியிருக்காரு. பதிலுக்கு அவங்களக் கூட்டிட்டு வான்னு சொல்லல." கொஞ்சம் காரமாகவே சொல்லிவிட்டேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. விரல் விட்டு எதையோ எண்ணிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "அப்படின்னா வாரத்துக்கு மூணு தடவ மாத்துங்க. ஒரு தடவ மாத்திட்டுப் போனா எங்களுக்குப் பத்தாது."

அன்பாகப் பேசிய நாள்

காலை ஊன்றக் கூடாது என்று தலைப்பாடாக அடித்துக்கொண்டிருந்தேன். ஒருநாள் கட்டைப் பிரித்தால் உள்ளே செம்மண்! மனுஷர் தோட்டத்துக்குப் போய் மருந்தடித்துவிட்டு வந்திருக்கிறார். எனக்கு வந்ததே ஆத்திரம். "கால் வேணுமா, தக்காளி வேணுமா? ரெண்டுல ஒண்ணச் சொல்லுங்க!" என்று நான் போட்ட சத்தத்தில் தெருவே கூடிவிட்டது. மாதையன் ரோஷக்காரர். எங்கள் பங்குச் சாமியாருக்கே போன் போட்டுப் புகார் சொல்லிவிட்டார்.

"அன்பாப் பேசும்மா, அதுதானே நம்ம வேலை" என்றார் சாமியார். அந்த ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கமும் அன்பைப் பற்றித்தான்; கண் மட்டும் என் பெஞ்சையே பார்த்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. தன்னை நேசிப்பது போல் அடுத்தவரையும் நேசிக்க வேண்டும் என்றுதானே மறைக்கல்வியில் படித்தேன்? என்னை நானே இதைவிட மோசமாகத் திட்டிக்கொள்கிறவள் ஆயிற்றே!

சரி, கீழ்ப்படிவோம் என்று செவ்வாய்க்கிழமை பூப்போலப் போனேன். "ஐயா, காலைக் கொஞ்சம் நீட்டுறீங்களா? மெதுவாங்க, மெதுவா. நல்லாத் தூங்குனீங்களா?" என்றேன். மாதையனுக்கு முகம் வெளுத்துவிட்டது. "சின்னபாப்பா, இங்க வா" என்று மனைவியைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டார். "டாக்டர் போன் பண்ணுனாரா சிஸ்டர்? எடுக்கச் சொல்லிட்டாரா? எந்த நாளு?" என்று கேட்டார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. யாரும் போன் பண்ணவில்லை, எதையும் எடுக்கச் சொல்லவில்லை என்று சத்தியம் செய்த பிறகும் நம்பவில்லை. அந்த ரோஷக்காரர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். "திட்டுங்க சிஸ்டர். நீங்க திட்டுற வரைக்கும் என் காலு எங்கிட்ட இருக்கும்னு நம்பிட்டிருந்தேன்."

திட்டினேன். முன்போல் சத்தம்தான் வரவில்லை. அன்றிலிருந்து அவர் தோட்டத்துப் பக்கம் போகவில்லை.

பெரிய வியாழன்

பெரிய வியாழன் சாயங்காலம் பூசை இருந்ததால் மாதையன் வீட்டுக்குக் காலையிலேயே போய்விட்டேன். "என்னா விசேஷம்?" என்றார். இயேசு சாமி தன் சீடர்களின் காலைக் கழுவினார், அதனால் எங்கள் சாமியாரும் இன்றைக்குப் பன்னிரண்டு பேரின் காலைக் கழுவுவார், பூசையில் மணி அடிப்போம் என்று விளக்கினேன். அந்தப் பன்னிரண்டு பேரும் முந்தின நாளே குதிகாலைத் தேய்த்துத் தேய்த்துப் பளபளவென்று ஆக்கிக்கொண்டுதான் வருவார்கள் என்பதை மட்டும் சொல்லவில்லை.

சலைன் தண்ணியால் அவர் புண்ணைக் கழுவிக்கொண்டிருந்தேன். சீழ் இல்லை, சிவப்பாகச் சதை வளர்ந்திருந்தது. மாதையன் அதைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். "அவரு வருஷத்துக்கு ஒருக்கா கழுவறதுக்கே மணி அடிக்கறாங்களா? நீங்க செவ்வா, வியாழன், சனி கழுவறீங்களே, உங்களுக்கு யாருங்க மணி அடிக்கறது?"

டாக்டர் பார்த்தார்

இரண்டு மாதம் முடிந்து தர்மபுரிக்கு நானும் கூடவே போனேன். டாக்டர் குதிகாலை அழுத்திப் பார்த்தார், திருப்பிப் பார்த்தார். நான் பையில் இருந்த ஜெபமாலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். "மூடிடுச்சு. எடுக்க வேண்டாம்" என்றார். "யாரு கட்டுப் போட்டது? சுத்தமாப் பண்ணியிருக்கீங்களே!" சின்னபாப்பா என் கையைப் பிடித்த பிடியில் வளையல் அழுந்தியது. நான் ஒரு முழம் உயர்ந்துவிட்டேன், சொல்வதற்கென்ன!

பிறகு டாக்டர் மாதையனிடம் குரலை உயர்த்தினார். இனி வெறுங்காலில் நடந்தீரோ, இனிப்பைத் தொட்டீரோ என்று ஆரம்பித்தார். மாதையன் இரண்டு காலிலும் எழுந்து நின்று கும்பிட்டார். "நீங்க சிரமப்படாதீங்க டாக்டர். திட்டறதுக்கு எங்களுக்கு ஆள் இருக்குது."

அன்பைப் பற்றிப் பிரசங்கம் வைக்க எனக்கு இன்னும் தெரியாது, ஆனால் மாரண்டஹள்ளித் தக்காளித் தோட்டத்தில் செருப்புப் போட்டுக்கொண்டு நடக்கும் ஒரு குதிகால் என் பக்கம் சாட்சி சொல்லும்.