அக்காவின் கன்னத்துச் செல்கள்

குச்சி ஐஸ் தின்றுவிட்டு எறிகிற குச்சி போல ஒன்றை எடுத்து, கன்னத்தின் உள்பக்கத்தை மெல்லச் சுரண்டி, கண்ணாடித் துண்டில் தேய்த்து, சாயம் ஏற்றி, மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தால் போதும். அந்த வாய் பெண்ணுடையதா ஆணுடையதா என்று சொல்லிவிடலாம். அறுபதுகளின் கடைசியில் தாம்பரத்தில் எம்.எஸ்ஸி. விலங்கியல் படித்துக்கொண்டிருந்த எனக்கு இது பெரிய அதிசயமாக இருந்தது. பெண்ணின் செல் என்றால் உட்கருவின் ஓரத்தில் மிளகுத்தூள் போல ஒரு கரும்புள்ளி ஒட்டிக்கொண்டிருக்கும். எல்லாச் செல்லிலும் தெரியாது, தேடினால் கிடைக்கும். ஆணின் செல்லில் தேடியும் பிரயோஜனமில்லை. ஆளைப் பார்க்கவே வேண்டாம், எச்சில் போதும் என்று நான் பீற்றிக்கொண்டு திரிந்தேன்.

என் ஆய்வே அதுதான். ஹாஸ்டல் பெண்கள் என்னைக் கண்டாலே வாயை மூடிக்கொண்டு ஓட ஆரம்பித்தார்கள். ஆள் போதாமல் போகவே, குச்சியோடு வீட்டுக்கு வந்து அக்காவைப் பிடித்தேன்.

"பல்லு வெளக்கிட்டு வரவா, இப்படியே எடுத்துக்கிறியா?" என்றாள் அக்கா. சிரித்துக்கொண்டே வாயைத் திறந்தாள்.

எங்கள் வீடு இரும்புலியூரில், ஜி.எஸ்.டி. ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி. அப்பா மிஷன் பள்ளித் தலைமையாசிரியர். அம்மா எனக்கு நினைவு தெரியும் முன்பே போய்விட்டாள். அக்காதான் எனக்குத் தலை பின்னி, சோறு போட்டு, கணக்குச் சொல்லிக் கொடுத்து வளர்த்தாள். நல்ல உயரம், பளிச்சென்ற முகம், குரோம்பேட்டையில் டீச்சர் வேலை. சபையில் எத்தனையோ பேர் அவளைக் கேட்டு வந்தார்கள். எல்லோரையும் வேண்டாம் என்றாள். கடைசியில், மனைவி இறந்து இரண்டு குழந்தைகளோடு இருந்த ஒரு ரயில்வே குமாஸ்தாவைக் கட்டிக்கொள்கிறேன் என்று அவளாகவே வந்து நின்றாள். அப்பா ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை. எனக்கோ பற்றிக்கொண்டு வந்தது. இரண்டாந்தாரமாகப் போக இவளுக்கென்ன தலையெழுத்து என்று அவள் காதுபடவே சொன்னேன். 

எங்கள் சபையில் கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு ஆராதனையில் ஓலை வாசிப்பார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் விவாகம் நடக்கப்போகிறது, இதற்குத் தடை உண்டென்று அறிந்தவர்கள் அறிவிக்கலாம் என்று போதகர் படிப்பார். யாரும் எதுவும் அறிவித்து நான் பார்த்ததில்லை. அந்த நேரத்தில்தான் பெண்கள் பக்கம் புதுச் சேலையெல்லாம் விலை விசாரிக்கப்படும். அக்காவுக்கு இரண்டு ஓலை ஆகியிருந்தது.

அந்தத் திங்கட்கிழமை அக்காவின் ஸ்லைடைப் பார்த்தேன். புள்ளி இல்லை. அடுத்த செல், அடுத்த செல் என்று நகர்த்திக்கொண்டே போனேன். இல்லை. சாயம் கெட்டுவிட்டது என்று பாட்டிலைத் திட்டினேன். அதே சாயத்தில் என் கன்னத்தைச் சுரண்டிப் போட்டுப் பார்த்தால், என் புள்ளிகள் வரிசையாக நின்றன. மறுநாள் அக்காவிடம் மறுபடி எடுத்து வந்தேன். கண் வலிக்கும்வரை பார்த்தும் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை.

பின்னால் வந்து நின்ற என் பேராசிரியர் குனிந்து பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"இது பாய்ஸ் பேட்ச் ஸ்லைடா?" என்றார்.

"இல்ல சார். எங்க அக்காவோடது. சாயம் சரியில்லன்னு நெனைக்கிறேன்."

அவர் நிமிர்ந்தார். அவரும் எங்கள் சபைதான். கமிட்டி மெம்பர், முதல் பெஞ்சு.

"ஓலை வாசிச்சாங்களே, அந்த அக்காவா?"

நான் தலையாட்டினேன். அவர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "சாயம் சரியாத்தான்மா இருக்கு. இது ஆணோட செல். ரொம்ப அபூர்வமா இப்படிப் பொறப்பாங்க. வெளித் தோற்றம் முழுக்கப் பொண்ணு. உள்ள கர்ப்பப்பை இருக்காது." ஸ்லைடை இன்னொரு தடவை பார்த்துவிட்டு, "அக்கா எப்ப வயசுக்கு வந்தாங்க, உனக்குத் தெரியுமா?" என்று கேட்டார்.

எனக்குத் தெரியாது.

இதை எங்கள் தெருவில் வேறு யாரிடமாவது கேட்டிருந்தால் சிரித்திருப்பார்கள். பக்கத்து வீட்டுக்காரர்கள் அந்த ஊரின் பழைய விவசாயக் குடும்பம், நிலத்தை விற்று மளிகைக் கடை வைத்தவர்கள். அவர்கள் பெண் வயசுக்கு வந்தபோது ஓலைக் குடிசை கட்டி, ரேடியோ செட்டு வைத்து, தெருவுக்கே பந்தி போட்டார்கள். "இன்னா டீச்சர், உங்க வூட்ல ரெண்டு பொண்ணு கீது, ஒண்ணுத்துக்கும் ஒரு தண்ணி ஊத்துனதைப் பாக்கலியே?" என்று அந்த அம்மா அக்காவைக் கேட்டதுகூட எனக்கு நினைவிருக்கிறது. அப்பா அன்றைக்குச் சாப்பிடும்போது, நாமெல்லாம் படித்த கிறிஸ்தவர்கள், நமக்கு அந்தக் கூத்து கிடையாது என்றார். எனக்கும் அதில் ஒரு பெருமை இருந்தது. நான் வயசுக்கு வந்த அன்று அக்கா கதவைச் சாத்திவிட்டு, என்ன செய்ய வேண்டும் என்று துணியை மடித்துக் காட்டிச் சொல்லிக் கொடுத்தாள். தன் அனுபவத்தைச் சொல்கிறாள் என்றுதானே எவரும் நினைப்பார்கள்? தெருவில் எந்த வீட்டிலும் மறைக்க முடியாத ஒன்று எங்கள் வீட்டில் மட்டும் இத்தனை வருஷம் யாருக்கும் தெரியாமல் கிடந்திருக்கிறது. ஒரே அறையில் படுத்து எழுந்த எனக்கே தெரியவில்லை.

பேராசிரியர் மெதுவாகத்தான் பேசினார். உள்ளே இருக்கும் சுரப்பி பின்னால் கட்டியாகக்கூட மாறலாம், நல்ல டாக்டரிடம் காட்ட வேண்டும் என்றார். இன்னும் கொஞ்சம் சாம்பிள் கிடைத்தால் பேப்பர் எழுதலாம் என்றார். அதற்கப்புறம்தான் அதைச் சொன்னார்.

"மாப்பிள்ளைக்குத் தெரியணும்மா. தெரியாம நடந்தா, சபைக்கு முன்னால நான் சும்மா உக்காந்திருக்க முடியாது."

"அது உங்க வேலை இல்ல சார்" என்றேன். ஸ்லைடைப் பிடுங்கிக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். அவரிடம் அப்படிப் பேசினேனே என்று எனக்கு இன்றைக்கும் வருத்தமில்லை.

அக்கா அடுப்படியில் அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அழுகை வேறு. அவள் கத்தியை நிறுத்தவில்லை.

"கர்ப்பப்பை இல்லேன்னு கண்டுபிடிக்க இவ்வளவு மெனக்கெட்டியா? என்னைக் கேட்டிருந்தா நானே சொல்லியிருப்பேனே."

"உனக்குத் தெரியுமா?"

"டீச்சர் டிரெய்னிங் படிக்கிறப்பவே ஒரு லேடி டாக்டர்கிட்ட தனியாப் போனேன். அந்தம்மா சொல்லிட்டாங்க."

"அவருக்கு?"

"முதல் நாளே சொல்லிட்டேன். பீச் ட்ரெயினுக்கு நிக்கிறப்ப, பிளாட்பாரத்துல வெச்சு. எனக்குக் குழந்தை பொறக்காது, உங்க குழந்தைங்களை வளக்கத் தெரியும்னு. அவர் ஒரு வண்டியை விட்டுட்டு அடுத்த வண்டியில ஏறினார். ஏறுறதுக்கு முன்னாடி சரின்னு சொன்னார்."

நான் அவள் எதிரில் உட்கார்ந்தேன். இரண்டாந்தாரம், தலையெழுத்து என்று நான் கத்தியதெல்லாம் எனக்கே திரும்பக் கேட்டது. அக்கா அப்போதுதான் கத்தியைக் கீழே வைத்தாள்.

"ஆனா ஆம்பளை செல்லுன்னு சொன்னியே, அது எனக்குத் தெரியாது." தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "உடம்பு பூராவா?"

"பூராவும்தான் அக்கா."

அவள் முகம் வெளுத்ததை அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்த்தேன். அவரைக்காயைப் பாதியில் விட்டுவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டாள். அக்கா பகலில் படுத்து நான் கண்டதேயில்லை. மூன்று நாள் பள்ளிக்கூடத்துக்கும் போகாமல் கிடந்தவள், சனிக்கிழமை சாயங்காலம் எழுந்து முகம் கழுவி, சேலை மாற்றி, மாப்பிள்ளை வீட்டுக்குப் போய்விட்டு வந்தாள். என்ன ஆயிற்று என்று கேட்டேன். "இதையும் சொல்லிட்டேன்" என்றாள். மேற்கொண்டு கேட்க எனக்குத் துணிச்சல் வரவில்லை. பேராசிரியரிடம் போய் இதைச் சொல்ல வேண்டும் என்று எங்கள் இருவருக்குமே தோன்றவில்லை. தோன்றியிருந்தாலும் நான் போயிருக்க மாட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை போதகர் மூன்றாவது ஓலையை வாசித்தார். தடை உண்டென்று அறிந்தவர்கள் என்ற இடத்தில் வழக்கம்போலப் பெண்கள் பக்கம் கிசுகிசுப்பு. ஆண்கள் பக்கம் முதல் பெஞ்சில் பேராசிரியர் எழுந்து நின்றார்.

"ஐயா, இந்த விவாகத்தைக் கொஞ்சம் தள்ளி வைக்கணும்னு கேட்டுக்கறேன். காரணத்தை உள்ள வெஸ்ட்ரி ரூம்ல தனியாச் சொல்றேன்."

அப்பா திரும்பி அவரைப் பார்த்தார், பிறகு பெண்கள் பக்கம் என்னைப் பார்த்தார். போதகர் கையிலிருந்த ஓலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவரும் வாழ்நாளில் இப்படி ஒன்றைக் கண்டிருக்க மாட்டார். அப்போது என் பக்கத்தில் சேலை சரசரத்தது. அக்கா எழுந்துவிட்டாள்.

"சார் சொல்லப் போறது எனக்குத் தெரியும் ஐயா. என்னைக் கட்டிக்கப் போறவருக்கும் தெரியும். எங்க ரெண்டு பேருக்கும் தெரிஞ்சாப் போதும்."

கடைசி பெஞ்சில், இரண்டு பக்கமும் குழந்தைகளை வைத்துக்கொண்டிருந்த அந்த மனிதர் எழுந்தார். பேச்சு வராத மனுஷன். "தெரியும் ஐயா" என்றார். அவ்வளவுதான். சின்னக் குழந்தை அவர் சட்டையைப் பிடித்து இழுத்து உட்காரச் சொன்னது.

போதகர் பேராசிரியரைப் பார்த்தார். "அப்படின்னா எனக்கு ஒண்ணும் சொல்றதுக்கில்ல" என்று சொல்லிவிட்டுப் பேராசிரியர் உட்கார்ந்தார். அவர் கெட்டவரில்லை, அவருக்குக் கடமை என்று பட்டதைச் செய்தார் என்று பிற்பாடு அக்கா பலமுறை சொன்னாள். எனக்கு அந்த நிமிஷம் எழுந்துபோய் அவரை அறையலாம் போலிருந்தது.

அப்பா ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டுக்கு வரவில்லை. நேராகப் பேராசிரியர் வீட்டுக்குப் போயிருக்கிறார். இருட்டும் சமயம் பேயறைந்தாற்போல வந்து சேர்ந்தார். என்ன கேட்டார், அவர் என்ன சொன்னார் என்று எங்களிடம் ஒரு வார்த்தை இல்லை. அடுத்த சனிக்கிழமை கல்யாணம். அதுவரை அக்கா காபி வைத்தால் குடித்தார். சோறு போட்டால் சாப்பிட்டார். அவள் முகத்தை மட்டும் பார்க்கவில்லை. கல்யாணத்துக்கு வருவாரா மாட்டாரா என்று தெரியாமல் நான் தவித்தேன்.

வெள்ளிக்கிழமை அக்கா என் ஜாக்கெட்டுக்குக் கொக்கி தைத்துக்கொண்டே, "அப்பா வரலேன்னா நீயே என் கையைப் பிடிச்சுக் குடுத்துடு" என்றாள்.

"பொம்பளை குடுத்தா ஒத்துக்குவாங்களா?"

"நீ பொம்பளைன்னு என்ன ருசு? போய் உன் குச்சியை எடுத்துட்டு வா."

நாங்கள் இரண்டு பேரும் சிரித்தோம். சிரித்துக்கொண்டே இருந்தவள் ஊசியை வைத்துவிட்டு அழுதாள். அப்பா மட்டும் வந்துவிட்டால் போதும் என்றாள். அதற்கு முன்னும் பின்னும் அவள் அழுது நான் பார்த்ததில்லை.

மறுநாள் காலையில் அப்பா கோட்டு போட்டு, டை கட்டி, வாசலில் நின்ற டாக்ஸியில் முன்சீட்டில் உட்கார்ந்திருந்தார். எங்களை வா என்றும் சொல்லவில்லை. கோயில் வாசலில் இறங்கியதும் முழங்கையை மடக்கி நீட்டினார். அக்கா பிடித்துக்கொண்டாள்.

எங்கள் ஆராதனை முறையில், இந்தப் பெண்ணை இவருக்கு விவாகம் பண்ணிக் கொடுக்கிறவர் யார் என்று போதகர் கேட்பார். யாரும் வாய் திறந்து பதில் சொல்வது வழக்கமில்லை. தகப்பன் பெண்ணின் வலது கையை எடுத்துப் போதகர் கையில் வைக்க வேண்டும், அவ்வளவுதான். போதகர் அந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டுக் கையை நீட்டினார். அப்பா அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார்.

பிறகு, பள்ளிக்கூட அசெம்பிளியில் பேசுகிற குரலில் அப்பா சொன்னார்: "நான்தான். இவ என் பொண்ணு."

சொல்லும்போது அவர் போதகரைப் பார்க்கவில்லை, முதல் பெஞ்சைப் பார்த்தார். பேராசிரியர் பாட்டுப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தார். போதகரின் கை நீட்டியபடியே காத்திருந்தது. அப்பா அக்காவின் கையை இன்னும் விடவில்லை.