முகம் ஆச்சு

யாராவது "ஆச்சு" என்று சொன்னால் இன்றைக்கும் எனக்கு நம்பிக்கை வராது. இலை போட்டாச்சு என்று சமையலறையிலிருந்து குரல் வந்தாலும், எழுந்து போய்ப் பார்த்துவிட்டுத்தான் உட்காருவேன். வீட்டில் கேலி செய்கிறார்கள். செய்துவிட்டுப் போகட்டும்.

அப்போது நான் மயிலாப்பூரில் ஒரு லித்தோ பிரஸ்ஸில் எழுத்து வரைபவன். கல்லின்மேல் படம் எழுதி, அதிலிருந்து காலண்டரும் புடவைக்கு ஒட்டும் லேபிளும் அச்சடிப்போம். ஆட்களை விரட்டி வேலை வாங்கிய மேனேஜர், ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று பட்டணமே காலியானபோது குடும்பத்தோடு ரயிலேறியவர், திரும்பவே இல்லை. அந்தச் சமயத்தில்தான் தியாகராய நகரில் துணிக்கடை திறக்கவிருந்த திருநெல்வேலிக்காரர் ஒருவர் வந்தார். போர்டு, லேபிள், காலண்டர் மூன்றிலும் ஒரே முகம் இருக்க வேண்டும் என்றார்.

பிரஸ் முதலாளி என்னைக் கூப்பிட்டார். "இத்த நீயே பாத்துக்க நைனா. எழுத்து எழுதறவனுக்கு வேல வாங்கத் தெரியாதா இன்னா?"

தெரியாது. அதைச் சொல்லத்தான் வாய் வரவில்லை.

அந்த முகம் துணிக்கடைக்காரருடைய மகளுடையது. பதினாலு வயதில் விஷ ஜுரத்தில் போய்விட்டாள். பள்ளிக்கூடத்தில் எடுத்த குரூப் போட்டோ ஒன்றுதான் இருந்தது. அதில் அவள் முகம் கட்டைவிரல் நகத்தளவு. உதட்டை மூடிக்கொண்டு எங்கோ பக்கவாட்டில் பார்த்துக்கொண்டிருந்தாள். பெண்ணின் தாயார் மாதக்கணக்காகப் படுக்கையில் இருந்தார். டாக்டர்கள் கைவிட்டுவிட்டார்கள்.

"கட தொறக்கது பிந்தினாலும் பரவால்ல தம்பி," என்றார் கடைக்காரர். "அவ கண்ணு மூடுததுக்குள்ள பிள்ள மொகத்தப் பெருசா பாத்துரணும்."

வேலையைத் தொடங்குமுன் நன்றாகத் தயாராக வேண்டும் என்று நினைத்தேன். ஒரு நோட்டு வாங்கி, சிவப்பு மசியில் கட்டம் கட்டினேன். யார், என்ன வேலை, என்றைக்குள். கடைசிக் கட்டத்துக்கு 'ஆச்சா?' என்று தலைப்பு. அந்த எழுத்துக்கு நிழல்கூட வைத்தேன். இதற்கே மூன்று நாள் ஓடிவிட்டது. புத்தி கெட்டவன்.

பிறகு கேட்டுக்கொண்டு திரிந்தேன். கல்லைத் தேய்த்து வழவழப்பாக்கும் பாயிடம் "கல்லு ஆச்சா?" என்றால் "ஆச்சு வாத்யாரே" என்பார். அப்போதுதான் மணலைக் கொட்டியிருப்பார். அது எனக்கு உறைக்கவில்லை. பழைய மேனேஜராக இருந்தால் கல்லைத் தடவிப் பார்த்திருப்பார். நான் டிக் போட்டேன்.

முகத்தை எழுத வேண்டிய ஓவியர் குளத்துக்குப் பக்கத்துத் தெருவில் இருந்தார். கையில் வெற்றிலையோடு வாசலுக்கு வந்தார்.

"முகம் ஆச்சா?"

"ஆச்சு, ஓய்."

உள்ளே போய்ப் பார்க்கவில்லை. பெரியவரைச் சந்தேகப்படுவதாக ஆகிவிடுமே என்று கூச்சம். சைக்கிளை நேரே தியாகராய நகருக்கு மிதித்தேன். பாதி எழும்பிய கடைச் சுவரோரம் நின்றிருந்தார் துணிக்கடைக்காரர். "முகம் ஆச்சு, ரெண்டு நாள்ல கொண்டாறேன்" என்றேன். அவர் கொத்தனாரிடம்கூடச் சொல்லிக்கொள்ளாமல் வீட்டைப் பார்த்து நடந்தார். அவர் முதுகைப் பார்த்துக்கொண்டு நின்றபோது எனக்கு எவ்வளவு பெருமையாக இருந்தது என்று நினைத்தால் கூசுகிறது.

இரண்டாம் நாள் படத்தை வாங்கப் போனேன். பலகையில் ஒரு வெள்ளைத்தாள், அதன் நடுவே பென்சிலில் ஒரு முட்டை வடிவம். கண் இல்லை, வாய் இல்லை.

"ஆச்சுன்னேளே?"

"மனசுல ஆச்சு, ஓய். கண்ண மூடினா தெரியறா. கைக்குத்தான் இன்னும் எறங்கல."

அவரிடம் கோபித்துக்கொள்ளவும் முடியவில்லை. அவர் பொய் சொல்லவில்லை. உண்மையைத் துணிக்கடைக்காரரிடமாவது சொல்லிவிடுவோம் என்று சைக்கிளைத் திருப்பினேன். வீட்டு வாசலில் பந்தல் போட்டிருந்தார்கள். ஆண்கள் தெருவில் பெஞ்சு போட்டு உட்கார்ந்திருந்தார்கள். பெண்ணின் தாயாருக்கு விடியற்காலையிலேயே உயிர் பிரிந்துவிட்டதாம்.

நான் உள்ளே போகவில்லை.

பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் அவர் மழித்த தலையோடு பிரஸ்ஸுக்கு வந்தார். திட்டுவார் என்று எழுந்து நின்றேன். உட்காரச் சொன்னார்.

"தம்பி, ஆச்சுன்னு சொன்னீயள்லா. நானே போயிப் பாத்துட்டு வந்ததா அவகிட்ட சொல்லிட்டேன். எப்படி இருக்கான்னு கேட்டுக்கிட்டே இருந்தா. ரெண்டு நாளும் அதே கேள்விதான். நேரா ஒன்னயத்தான் பாக்கா, பல்லு தெரியச் சிரிக்கா, தலையில மல்லியப்பூன்னு சொன்னேன். அதக் கேட்டுக்கிட்டேதான் போனா." துண்டால் தலையைத் துடைத்துக்கொண்டார். "பதினாறு நாளாயும் படம் வரல்லியே, முடிஞ்சிருக்காதுன்னு எனக்கு இப்பத் தெரியும். நான் சொன்னபடியே எழுதச் சொல்லுங்க. அவகிட்ட பொய் சொன்னவனா நான் இருக்கக் கூடாது."

ஓவியரின் பக்கத்திலேயே உட்கார்ந்து எழுத வைத்தேன். துணிக்கடைக்காரர் சொன்னபடியே முகம் வந்தது. கடை திறந்தது, போர்டு ஏறியது, காலண்டர் ஊரெல்லாம் போயிற்று. போட்டோவில் பக்கவாட்டில் பார்த்த அந்தப் பெண்ணை இப்போது எவ்வளவு முயன்றாலும் என்னால் நினைவுக்குக் கொண்டுவர முடியவில்லை. கண்ணை மூடினால், ஒருநாளும் அப்படிச் சிரித்திராத ஒருத்தி பல் தெரிய என்னையே பார்க்கிறாள்.