இடது ஓரத்து மங்கல்

நகரப் பேருந்து ஓட்டும் அவருக்கு டிப்போவில் 'நிதானம்' என்றுதான் பெயர். பின்னால் வருகிறவன் ஹாரனிலேயே ஏறி உட்கார்ந்தாலும் அசைய மாட்டார். இருபத்திரண்டு வருடத்தில் ஒரு கோழியைக்கூட இடித்ததில்லை.

வீட்டில் அவருக்கென்று இருந்தது ஒரு மீன் தொட்டி. இரண்டடி நீளம். மீனைவிடச் செடிதான் அதிகம். அதன் பழைய விளக்கு போனதும் புதிதாக ஒன்று வாங்கி மாட்டினார். தொட்டிக் கண்ணாடியில் மூக்கு முட்டுகிற மாதிரி உட்கார்ந்து பார்த்துவிட்டு, "இடது ஓரம் மங்கலா இருக்கு" என்றார்.

மீன் கடைக்காரர் அதைவிடப் பெரிய எல்.இ.டி. பட்டையைக் கொடுத்தார். அதுவும் போதவில்லை. மூன்றாவது முறை போனபோது கடைக்காரர் கையெடுத்துக் கும்பிட்டார்.

"அண்ணே, உங்க தொட்டிக்கு முதல் லைட்டே தாராளம். அதுவும் நாளைக்கு ஆறேழு மணி நேரம் எரிஞ்சா போதும். இதுக்கு மேல கூட்டினா செடி வளராது, பாசிதான் வளரும்."

அவர் கேட்கவில்லை. இடது பக்கத்துக்கென்றே தனியாக ஒரு விளக்கு வாங்கி வந்தார். பத்தே நாளில் கண்ணாடியெல்லாம் பச்சைப் பாசி. மீன்கள் வெளிச்சத்துக்குப் பயந்து மரக்கட்டைக்குக் கீழே ஒண்டிக்கொண்டன.

அந்த மாதம் பேருந்தின் இடது பக்கவாட்டுக் கண்ணாடி இரண்டு முறை கம்பத்தில் உரசி உடைந்திருந்தது. "நிதானத்துக்கே அவசரமா?" என்று மெக்கானிக் சிரித்தார். அவரும் சிரித்து வைத்தார். வீட்டில் மூச்சு விடவில்லை.

அவர் மனைவி வீட்டிலேயே துணி தைக்கிறவள். ஒரு நாள் மாலை அவர் மறுபடி, "அந்தப் பக்கம் இன்னும் இருட்டாதான் இருக்கு" என்றபோது, அவளுக்கு உள்ளுக்குள் ஏதோ நெருடியது. அங்கேதான் வெளிச்சம் கண்ணைக் கூசியது.

"வலது மூலையில நத்தை இருக்குல்ல? அதையே பாருங்க. தலையத் திருப்பக் கூடாது."

சொல்லிவிட்டு, கழுத்தில் கிடந்த மஞ்சள் அளவு நாடாவை எடுத்து, அவருக்கு இடது பக்கமாக நின்று கன்னத்துக்கு அருகே ஆட்டினாள்.

"என் கையில என்ன இருக்கு?"

"நீ அடுப்படிக்குப் போயிட்டியா?" என்றார் அவர்.

அவள் நாடாவைக் கீழே வைத்தாள்.

"நாளைக்கு வண்டி எடுக்காதீங்க. டாக்டர்கிட்ட போவோம்."

"மாத்து ஆள் இல்லடி. ஞாயித்துக்கெழமை போலாம். கண்ணு எரிச்சல்தான், வேற ஒண்ணுமில்ல."

மறுநாள் காலை, தெருமுனை நிறுத்தத்தில் அவர் பேருந்தை நிறுத்தியபோது ஏறியவர்களில் அவளும் இருந்தாள். "எங்க கிளம்பிட்ட?" என்று கேட்டார். அவள் முன் இருக்கையில் உட்கார்ந்து, கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டாள். பள்ளிப் பிள்ளைகளும் வேலைக்குப் போகிறவர்களுமாக வண்டி நிறைந்தது. ஒவ்வொரு திருப்பத்திலும் அவள் சாலையின் இடது ஓரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆறாவது நிறுத்தம் தாண்டி இடப்பக்கம் திரும்பும்போது, குழந்தையைத் தோளில் போட்டிருந்த ஒரு பெண் நடைபாதையிலிருந்து இறங்கினாள். வண்டி வேகம் குறையாமல் அவளை நோக்கித் திரும்பியது.

"நிறுத்துங்க!"

மனைவியின் அலறலுக்குத்தான் அவர் கால் பிரேக்கை மிதித்தது. நின்றிருந்தவர்கள் ஒருவர் மேல் ஒருவர் சரிந்தார்கள். எதற்காக நிறுத்தினோம் என்று அவருக்குத் தெரியவில்லை. தலையை முழுதாக இடப்பக்கம் திருப்பிய பிறகுதான் அந்தப் பெண்ணைப் பார்த்தார். பேருந்துக்கும் அவளுக்கும் நடுவே ஒரு கை அகலம்கூட இல்லை.

இன்ஜினை அணைத்தார். கண்டக்டர் ஓடி வந்தார். "என்னண்ணே ஆச்சு?"

"டிப்போவுக்குப் போன் போடு. வேற டிரைவர் வரட்டும். நான் ஓட்ட மாட்டேன்."

அன்று மதியமே கண் மருத்துவர் பரிசோதித்தார். கண்ணுக்குள் அழுத்தம் ஏறி நரம்பு கெட்டிருக்கிறது, போன பார்வை திரும்பாது, மிச்சத்தைச் சொட்டு மருந்தால் காப்பாற்றலாம் என்றார். பிறகு தாளைப் பார்த்தபடி கேட்டார்:

"இது ஒரே நாள்ல வந்ததில்ல. ரெண்டு வருஷமாவது ஆகியிருக்கும். என்ன வேலை பாக்குறீங்க?"

மனைவிதான் சொன்னாள். மருத்துவர் எழுதுவதை நிறுத்திவிட்டு அவரை நிமிர்ந்து பார்த்தார்.

இப்போது டிப்போவில் உதிரி பாகம் எடுத்துக் கொடுக்கிற வேலை. யாரும் குறையாகப் பேசுவதில்லை. ஆனால் வெளியே எங்காவது பிரேக் கிறீச்சிட்டால், கையில் இருப்பதை அப்படியே வைத்துவிட்டு எழுந்து நிற்கிறார். அடுத்து ஒரு சத்தமும் வரவில்லை என்று நிச்சயமான பிறகுதான் உட்காருகிறார்.