போன இடமெல்லாம் ஜெயித்தவர்

பந்தல்குடி சாலையில் மாமா கோபித்துக்கொண்டு, புது வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வேகமாக நடந்தார். பின்னால் நான் ஓடினேன். கருவேலங்காட்டுக்குள் இருந்த குலசாமி கோயிலில், என் தங்கைக்குக் காது குத்த ஆசாரி ஊசியோடு உட்கார்ந்திருந்தார். தாய்மாமன் மடி இல்லாமல் காது குத்துவதில்லை. எங்களுக்கு இருந்ததோ ஒரே மாமா.

சண்டை கூடைப்பந்தால் வந்தது. அப்பாவும் மாமாவும் செல்போனில் அமெரிக்க ஆட்டம் பார்ப்பவர்கள். எந்தக் காலத்துக்கும் பெரிய ஆட்டக்காரர் யார் என்ற பேச்சு காலைப் பந்தியில் கிளம்பியது. அப்பாவின் ஆள் ஒரே அணியில் நின்று கோப்பைகளை அள்ளியவர். மாமாவின் ஆள் அணி மாறிப் போய், போன இடமெல்லாம் ஜெயித்தவர்.

"ஒரு எடத்துல நெலச்சு நிக்கத் தெரியாதவன் என்ன பெரிய ஆளு மாப்ள?" என்றார் அப்பா.

பந்தியே சிரித்தது. மாமா பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிட்டார்.

அப்பாவுக்குக் கல்யாணத்துக்கு முன்பிருந்தே அருப்புக்கோட்டையில் அதே இரும்புக்கடை. மாமா அந்த வருடத்தில் மட்டும் நூல் மில், கோழிப்பண்ணை, லாரி கிளீனர் என்று மாறி, அப்போது சும்மா இருந்தார். எட்டாம் வகுப்போடு நின்ற நான் பிற்பாடு மாறிய வேலைகளுக்கு அது ஒன்றுமே இல்லை.

மூச்சு வாங்கக் கேட்டேன்: "மாமா, ஒங்க ஆளு ஆட்டத்த பாதியில விட்டுட்டுப் போயிருக்காரா?"

மாமா நின்றார். "ஏலே, ஒங்கப்பன் சொல்லிவிட்டானா?"

"இல்ல மாமா, தெரியாமத்தான் கேக்குறேன்."

"போனதில்லடா. கால் சுளுக்குனாலும் நின்னு ஆடுவான்" என்று சொல்லிக் கோயில் பக்கம் திரும்பி நடந்தார்.

நல்ல நேரம் தாண்டிவிட்டிருந்தது. பங்காளி மடியில் வைத்தே குத்திவிடலாம் என்று எல்லோரும் சொல்லியும், "அவுக மாமன் வராம ஊசியத் தொடாதீக" என்று அப்பா ஆசாரியைத் தடுத்து வைத்திருந்தாராம். மாமா மடியில் தங்கை வீறிட்டதும்தான் அம்மாவுக்கு மூச்சு வந்தது. அப்பா மாமாவுக்கு வேறு இலை போட்டுத் தானே பரிமாறினார்.

மறுநாள் காலை மாமா பந்தல்குடியில் லாரிக்கு லோடு ஏற்றும் வேலையில் சேர்ந்தார். அப்பாவே வண்டியில் கொண்டுபோய் விட்டார். இருவருக்கும் நடுவில் உட்கார்ந்திருந்த நான், யார்தான் பெரிய ஆட்டக்காரர் என்று வழியெல்லாம் கேட்டுப் பார்த்தேன். இருவரும் மழையைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தார்கள். அவர்களுக்குப் பந்து ஆட்டத்தில் ஆசை விட்டுப்போயிற்று என்று நினைத்துக்கொண்டேன்.