லொறி முதலாளியும் பதினாறு கசெற்றுகளும்

போன ஞாயிற்றுக்கிழமை, சிட்னி குவேக்கர்ஸ் ஹில்லில் எங்கள் குசினி மேசையில் சோறு ஆறிக்கொண்டிருக்க, என் மனைவி மனோ கைத்தொலைபேசியை என் மூக்குக்கு முன்னால் நீட்டினாள்.

"இஞ்ச பாருங்கோ. உங்கட லொறி முதலாளி காலமாகிட்டாராம்."

லொறி முதலாளி எங்களுக்குச் சொந்தக்காரர் அல்லர். அவர் ஒரு பழம்பெரும் கொரிய நடிகர். அவருடைய பெயரை நான் சொல்லும்போதெல்லாம் மகள் திருத்துவாள். திருத்தியபடி சொன்னால் மறுபடியும் திருத்துவாள். அதனால் எங்கள் வீட்டில் அவர், நான் முதலில் பார்த்த வேடத்தின் பெயரில், லொறி முதலாளியாகவே இருந்துவிட்டார். அண்மைக் காலத்தில் கொரியத் தொடர் பார்த்த எவருக்கும் அவரைத் தெரிந்திருக்கும். சாப்பாட்டு மேசையின் தலைப்பக்கம் அமர்ந்து, பேரன் ஏதாவது சொன்னதும் கரண்டியைக் கீழே வைக்கும் அந்த வெள்ளைத் தலைக் கிழவர்தான்.

உடனே மூன்று இரங்கல் செய்திகளைத் தேடி வாசித்தேன். வாசித்திருக்கக் கூடாது. இரண்டில் ஒரே வயது, மூன்றாவதில் அதைவிட ஒன்று அதிகம். கொரியர்களின் பழைய கணக்கில் பிள்ளை பிறக்கும்போதே ஒரு வயது. புத்தாண்டு பிறந்தால் எல்லோருக்கும் இன்னொன்று. எந்தக் கணக்கில் எழுதினோம் என்று ஒரு வரி போட்டால் குறைந்தா போய்விடுவார்கள்? சரி, அதையாவது மன்னிக்கலாம். இளமையில் ஊர் ஊராகப் போன நாடகக் குழு, பிறகு வானொலிக் குரல், பிறகு சினிமாவில் தட்டு ஏந்தி வரும் வேடங்கள், இவ்வளவையும் எழுதிவிட்டு, அடுத்து வந்த காலத்தை ஒரே வரியில் முடித்திருந்தார்கள். சில ஆண்டுகள் தொலைக்காட்சித் தொடர்களில் நடித்தாராம், விவரம் கிடைக்கவில்லையாம். அடுத்த பத்தியில் மனிதர் தாத்தாவாகிவிட்டார்!

தட்டு ஏந்திய ஒருவர் எப்படிக் கரண்டியைக் கீழே வைக்கும் அதிகாரத்தைப் பெற்றார்? அது அந்தச் 'சில ஆண்டுகளில்' நடந்தது. அந்த ஆண்டுகளை நான் பார்த்தேன். ஒரே நேரத்தில் பன்னிரண்டு வீடியோ டெக்கில் பார்த்தேன். அந்த இடைவெளியை நிரப்பாமல் விடுவதில்லை என்று மனோவிடம் சொன்னேன்.

"முதல் சோத்தைத் தின்னுங்கோ," என்றாள்.

அவளுடைய தொலைபேசி பழையது; கொஞ்சம் பார்த்தாலே சூடாகிவிடும். அந்தச் சூடான பிளாஸ்டிக் மணம்தான் என்னை ஸ்ட்ராத்ஃபீல்டுக்கு இழுத்துக்கொண்டு போனது.

நான் சிட்னிக்கு வந்து செய்த முதல் வேலை அங்கே இருந்த ஒரு கொரிய வீடியோக் கடையில். கடைக்காரியை நான் பாக் அம்மா என்பேன், அவருக்கு முன்னால் மேடம். முன்பக்கத்தில் கிம்ச்சி என்ற புளித்த கோவா ஊறுகாய் மணக்கும். பின்னறையில் அடுக்கி வைத்த டெக்குகள் சூடேறி மணக்கும். ஊரில் ஒரே ஒரு டெக்கை வாடகைக்கு எடுத்து, ஒழுங்கைச் சனம் முழுக்க ஒரு முற்றத்தில் குந்தியிருந்து படம் பார்த்தவன் நான். பன்னிரண்டு டெக்கைக் கண்டதும் பெரிய உத்தியோகம் கிடைத்துவிட்டதாக நினைத்து வீட்டுக்குக் கடிதமும் எழுதினேன். உத்தியோகம் இதுதான்: சியோலில் இருந்து விமானத்தில் வரும் மூலக் கசெற்றைப் பிரதி எடுப்பது, இலக்கம் ஒட்டுவது, அடுக்குவது. கொரிய எழுத்து எனக்குத் தெரியாது. பாக் அம்மா உறையில் ஒன்று, இரண்டு என்று எழுதித் தந்துவிடுவார்.

நான் சேர்ந்து மூன்றாம் வாரம் அவர் தங்கையைப் பார்க்க மெல்பேர்ன் போனார். அந்த நேரம் பார்த்துப் பொதி ஒன்று மழையில் ஊறி வந்தது. பதினாறு கசெற்றுகள். ஒட்டிய தாள் எல்லாம் கழன்று பெட்டியின் அடியில் களியாகக் கிடந்தது. சனிக்கிழமை பின்னேரம் ஆட்கள் தொடர் கேட்டு வருவார்கள். மெல்பேர்ன் இலக்கம் சுவரில் எழுதியிருந்தது. ஒரு தொலைபேசி அழைப்பு போதும். ஆனால் எங்கள் ஆட்களுக்கு ஒரு வியாதி உண்டு. தெரியாததைக் கேட்டால் நமக்குத் தெரியாது என்பது தெரிந்துவிடுமே! நான் கேட்கவில்லை. நானே யோசித்தேன்.

பதினாறு கசெற்றிலும் ஒருவரே வந்தார். சிலதில் கறுத்த தலை, சிலதில் நரை, சிலதில் முழு வெள்ளை. கால ஒழுங்கில் எனக்கு அப்போதே பைத்தியம். மனிதனுக்குத் தலை ஒரு திசையில்தானே நரைக்கும்? கறுப்பில் தொடங்கி வெள்ளையில் முடித்து, ஒன்று முதல் பதினாறு வரை இலக்கம் ஒட்டினேன். எல்லாவற்றையும் பிரதி எடுத்து, துடைத்து, அடுக்கிவிட்டு, அன்று இரவு நிம்மதியாகத் தூங்கினேன்.

கதை எப்படியென்றால், வெள்ளைத் தலை லொறி முதலாளி ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்து, தான் சாரதியாக இருந்த காலத்தை நினைப்பதில்தான் அது தொடங்குகிறது. அதுமட்டுமல்ல, பின்பகுதியில் மகளின் கலியாணத்துக்காகக் கிழவர் தலைக்கு மை பூசுகிறார். நான் அதை எங்கே கண்டேன்? முதலாம் கசெற்றில் கலியாணமே ஆகாத சாரதி, இரண்டாம் கசெற்றில் மகளைத் தாரை வார்த்துக்கொண்டு நின்றார்.

ஞாயிறு காலை தொலைபேசி அடிக்கத் தொடங்கியது. திங்கள் பாக் அம்மா வந்தார். அவரிடமும் ஆங்கிலம் கொஞ்சம், என்னிடமும் கொஞ்சம். இருந்த அத்தனையையும் அவர் செலவழித்தார்.

"ஒய் யூ நோ ஆஸ்க்? போன் தேர்! வோல்! யூ ஹேவ் மவுத்?"

என்னைத் துரத்தவில்லை. மன்னிப்புக் கேட்கும் கொரிய வாக்கியம் ஒன்றைச் சொன்னார். நான் அதைத் தமிழ் எழுத்தில் எழுதிக்கொண்டு, எடுத்துப்போன ஒவ்வொரு வீட்டுக்கும் அழைத்து வாசித்தேன். அவர்கள் திருப்பி ஏதாவது கேட்டால் அதே வாக்கியத்தை இன்னும் பணிவாக வாசித்தேன். ஒரு மனுசி சிரித்துச் சிரித்து ரிசீவரைக் கணவனிடம் கொடுத்தாள். அவருக்கும் வாசித்தேன்.

பிறகு பாக் அம்மா ஒரு கதிரையை இழுத்துப் போட்டு, பதினாறையும் ஓடவிட்டு, எது எதற்குப் பிறகு என்று கையால் காட்டினார். அப்போதுதான் அந்த மனிதரை ஒழுங்காகப் பார்த்தேன். மை பூசிய தலையோடு அவர் மகளுக்கு முன்னால் நிற்கும் காட்சியில், பாக் அம்மா கை காட்டுவதை நிறுத்திவிட்டார். நானும் இலக்கம் எழுதுவதை நிறுத்திவிட்டேன்.

அன்று தொடங்கியதுதான் என் குறிப்பேடு. கடையில் இருந்த காலம் முழுவதும், அவர் நடித்த தொடர் எது வந்தாலும் எழுதினேன். அதை வைத்து இடைவெளியை நிரப்பலாம் என்றுதான் இந்த வாரம் மகள் அபிக்குப் பக்கம் பக்கமாகப் படம் எடுத்து அனுப்பினேன். அவள் மெல்பேர்ன் பக்கம் வெரிபீயில் இருக்கிறாள். கொரிய நடிகர்களின் தொடர்ப் பட்டியல்களைத் திரட்டும் இணையத்தளம் ஒன்றில் அவளுக்குப் பழக்கம். வேலைக்குப் போகும் ரயிலில் இருந்து தொலைபேசி எடுத்தாள்.

"அப்பா, இதில டைட்டில் எங்க?"

"விளக்கம் எழுதிக் கிடக்கெல்லோ. லொறி முதலாளி. ரெண்டாம் தாரத்தைத் துரத்தின நீதவான். மீன் வாடிக்காரன்."

"அது நீங்க வச்ச பேர். ரியல் டைட்டில் இல்லாம அவங்க ஆட் பண்ண மாட்டாங்க."

"திகதி இருக்குப் பிள்ளை. எல்லாத்துக்கும் திகதி இருக்கு."

"எது? டிவியில போன திகதியா?"

"பொதி சிட்னிக்கு வந்த திகதி."

"அப்பா. சீரியஸ்லி?"

திகதி, கிழமை, மழையா வெயிலா, அன்று அவர் தலை கறுப்பா நரையா, எல்லாம் எழுதியிருக்கிறேன். உறையின்மேல் இருந்த பெயரைப் பார்த்து வரையக்கூடத் தோன்றவில்லை. இந்த லட்சணத்தில் இரங்கல் செய்தி எழுதினவர்களைத் திட்டிக்கொண்டு திரிகிறேன்.

கடையை மூடிய நாளுக்கும் குறிப்பு இருக்கிறது. வியாழன், வெயில். மறுநாள் கவுன்சில் கழிவு எடுக்கும் நாள் என்பதால் கசெற்றுகளை எல்லாம் நடைபாதை ஓரத்தில் குவித்துக்கொண்டிருந்தோம். பாக் அம்மா மட்டும் லொறி முதலாளியின் பதினாறையும் தனியாக எடுத்து, கயிற்றால் கட்டி, என்னிடம் நீட்டினார். ஒவ்வொரு உறையிலும் தொடரின் பெயரும் நடிகர்களின் பெயரும் அவருடைய கையெழுத்தில் இருந்தன. குப்பைக்குப் போகும் சாமானைக் கைநீட்டி வாங்க எனக்குக் கௌரவம் விடவில்லை.

"நோ ரூம் மேடம்," என்றேன். "ஹவுஸ் ஸ்மோல்."

அவர் தலையாட்டிவிட்டு, கட்டிய கசெற்றுகளைக் குவியலின் மேல் வைத்தார். அதன் பிறகு கொரியாவுக்கே போய்விட்டார்; முகவரி நான் கேட்கவில்லை. கடை இருந்த இடத்தில் இப்போது பல் வைத்தியசாலை.

அந்த வியாழக்கிழமை எங்கள் வீட்டின் பின்னறை வெறுமையாகக் கிடந்தது. ஒரு கட்டில்கூட அதில் இருக்கவில்லை.